சக்கரத்தின் மேல் வீடு: வாசகர் கேள்வி – பதில்

வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் அதிலேயே வாழ்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முகாமில் கழிவுநீர் இணைப்பு கிடைத்தால் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்துவிடுவோம். அடிக்கடி போய்த் திறக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தோம். இப்போது ஃபிளஷ் செய்தால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. நாற்றமும் தாங்கவில்லை. தொட்டியையே மாற்ற வேண்டி வருமா?

பதில்: வேண்டியதில்லை. முதலில் அந்த வால்வை மூடுங்கள். அது திறந்திருந்தால் நீர் உடனுக்குடன் ஓடிவிடும். மலமும் காகிதமும் அடியிலேயே தங்கிவிடும். கழிப்பறைக் குழாய்க்கு நேர் கீழே அது கரையான் புற்று மாதிரி எழும்பி, காய்ந்து இறுகி, கடைசியில் குழாயின் வாயையே அடைக்கும். உங்கள் தொட்டி அந்தக் கட்டத்தை நெருங்கியிருக்கிறது.

வால்வை மூடி, முக்கால் தொட்டி அளவுக்கு வெதுவெதுப்பான நீர் விடுங்கள். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் தொட்டிக்கும் ரப்பர் சீலுக்கும் கேடு. என்சைம் அல்லது பாக்டீரியா கலந்த தொட்டி மருந்தைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அதுவரை முகாமின் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவது நல்லது. பிறகு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வளைவிலும் பிரேக்கிலும் உள்ளே நீர் குலுங்குவதுதான் கட்டியை உடைக்கும். திரும்பி வந்து ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். வெளியேறும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பிளீச்சை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கழிவைச் சிதைக்கிற பாக்டீரியாவையே அது கொன்றுவிடும், சீல்களையும் கெடுக்கும்.

இனி எப்போதும் வால்வு மூடியே இருக்கட்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகே திறங்கள். அந்த அளவு நீர் வேகமாக இறங்கும்போதுதான் திடக்கழிவையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் கழிப்பறைத் தொட்டி, அடுத்து குளியல், சமையல் நீர்த் தொட்டி என்ற வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாவது நீர் ஹோஸை அலசிக் கொடுத்துவிடும். வால்வை மூடியதும் கழிப்பறைத் தொட்டியில் ஏழெட்டு லிட்டர் நீரை விட்டுவையுங்கள். தண்ணீரைச் சேமிக்கிறோம் என்று ஃபிளஷ் நீரில் சிக்கனம் பிடிப்பவர்களுக்குத்தான் அடைப்பு அதிகம் வருகிறது. சிக்கனத்தைக் குளியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைச் சோதிக்க ஒரு பாட்டில் போதும். பாதி நீர் நிரப்பி இரண்டு துண்டு காகிதம் போட்டுக் குலுக்குங்கள். நொடிகளில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் அது தொட்டிக்கு ஆகும். ஈரத் துடைப்பான்கள் எதுவும் ஆகாது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும்.

நாற்றத்துக்கு இன்னும் இரண்டு காரணங்களைப் பாருங்கள். கூரை மின்விசிறி ஓடும்போது ஃபிளஷ் செய்தால், வண்டிக்குள் காற்றழுத்தம் குறைந்து தொட்டிக் காற்று மேலே இழுக்கப்படும். விசிறியை நிறுத்திவிட்டு ஃபிளஷ் செய்யுங்கள். அதேபோல, பயணத்தில் குலுங்கியோ பல நாள் காய்ந்தோ குளியலறை வடிகாலின் வளைகுழாயில் நிற்கும் நீர் போய்விட்டால் தடுப்பே இல்லாமல் போகும். ஒரு டம்ளர் நீர் ஊற்றினால் சரியாகும்.

கேள்வி: வண்டியிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டு, கூரையில் 300 வாட் சோலார். காலையில் மீட்டர் 11.8 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி பழுதா?

பதில்: பழுதாகிக்கொண்டிருக்கிறது, காரணம் கணக்கு. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.7 முழுமை, 12.2 ஏறக்குறையப் பாதி, 11.8 கிட்டத்தட்டக் காலி. (ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்திருந்தால் உண்மை நிலை சற்று மேலே இருக்கும்.) பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கி, முழுதாகச் சார்ஜ் ஏற்றாமலும் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே 200 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கைக்கு வருவது 100 ஆம்பியர்-மணிதான்.

இப்போது ஒரு நாள் செலவைப் பாருங்கள். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 4 ஆம்பியர் இழுத்து, நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 32 ஆம்பியர்-மணி. லேப்டாப் 60 வாட் (12 வோல்ட்டில் 5 ஆம்பியர்), 8 மணி நேரம் என்றால் 40. இன்வெர்ட்டர் வழியாகப் போவதால் 45. இணைய ரௌட்டர் 12 வாட், நாள் முழுவதும், 24. மின்விசிறி 16. விளக்கும் தண்ணீர் பம்பும் சேர்ந்து 7. இதுவே 124. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. எதுவும் செருகாமல் வெறுமனே ஆன் செய்து வைத்திருக்கும் பெரிய இன்வெர்ட்டரே சுமார் 1 ஆம்பியர் தின்னும், நாளுக்கு 24. மொத்தம் 148.

இன்வெர்ட்டரை அணைத்து வைத்துவிட்டு, லேப்டாப்பை 12 வோல்ட்டிலிருந்தே நேராகச் சார்ஜ் செய்யும் அடாப்டர் வாங்குங்கள். ரௌட்டரை இரவு 8 மணி நேரம் அணையுங்கள். செலவு 111க்கு இறங்கும். புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

111 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய 1,400 வாட்-மணி. கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 300 வாட் பேனல், நல்ல வெயில் 4 மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைக்கும் நாளில், வெப்பமும் தூசும் வயரும் விழுங்கியது போக 900 வாட்-மணி தரும். பற்றாது. 500 வாட்டாவது வேண்டும். மேகமூட்டமான வாரங்களுக்கு அதுவும் போதாது. வெளி மின்சாரத்தையோ எஞ்சின் ஓட்டத்தையோ நம்பித்தான் இருக்க வேண்டும். நிழலையும் லேசாக எண்ணாதீர்கள். ஆன்டெனாக் கம்பத்தின் மெல்லிய நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி கணிசமாகச் சரியும்.

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்டுக்கு மாறினால் கொள்ளளவில் 80 முதல் 90 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம், எடையும் பாதிக்கும் குறைவு. ஆனால் மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. செல் உள்ளே நிரந்தரமாகக் கெடும். எஞ்சின் ஆல்டர்னேட்டருடன் நேராக இணைக்காமல் நடுவே டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். லித்தியம் இழுக்கிற மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். இந்த பேட்டரியின் வோல்ட், காலியாகும் தறுவாய்வரை பெரிதாக மாறாது என்பதால் வோல்ட் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. பேட்டரிக்குள் போகும், வரும் மின்னோட்டத்தை எண்ணும் ஷண்ட் மீட்டரை நெகட்டிவ் வயரில் போடுங்கள். மற்ற எல்லா நெகட்டிவ் இணைப்பும் ஷண்ட்டில் பேட்டரி இல்லாத மறுபக்கம்தான் இருக்க வேண்டும். ஒரு வயர் பேட்டரி முனைக்கே நேராகப் போனாலும் மீட்டர் தினமும் தப்புக் கணக்குச் சொல்லும்.

கேள்வி: சரிவான இடத்தில் நிறுத்தினால் ஃபிரிட்ஜ் குளிர்வதில்லை. மற்றதெல்லாம் வேலை செய்கிறது.

பதில்: உங்களுடையது கேஸிலும் ஓடுகிற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜாக இருக்க வேண்டும். அதில் பம்ப் கிடையாது. அம்மோனியாக் கரைசல் ஈர்ப்பு விசையால்தான் திரும்பி இறங்குகிறது. சாய்ந்தால் குழாயில் தேங்கி, சூடாக்கும் பகுதி வறண்டு, நாளடைவில் உள்ளே படிவு சேர்ந்து அடைக்கும். அந்த அடைப்பைச் சீராக்க வழியில்லை. சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்த பிறகே அதை ஆன் செய்யுங்கள். கம்ப்ரஸர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: குளிர்காலம் வந்ததும் கண்ணாடியெல்லாம் வேர்க்கிறது. மெத்தையைத் தூக்கினால் அடியில் கருப்பாகப் பூஞ்சை. சின்ன கேஸ் ஹீட்டரை எரித்துச் சூடாக்கியும் குறையவில்லையே?

பதில்: அந்த ஹீட்டர்தான் ஈரத்தைக் கூட்டுகிறது. புகைக்குழாய் இல்லாத ஹீட்டரில் 1 கிலோ புரொபேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் ஆவியாக வண்டிக்குள்ளேயே சேரும். இருவர் தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவு சேர்கிறது. சிறிய அறை, மெல்லிய சுவர். அந்த ஆவி குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும்.

அதைவிட முக்கியமானது: மூடிய வண்டியில் அப்படி எரிப்பது பிராணவாயுவைக் குறைத்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தயவுசெய்து இன்றிரவே தூங்கும்போது எரிப்பதை நிறுத்துங்கள். படுக்கைக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரமும், தரையை ஒட்டி கேஸ் கசிவு அலாரமும் வையுங்கள். புரொபேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். இரண்டுக்கும் ஆயுள் உண்டு. பின்புறம் அச்சிட்ட ஆண்டு கடந்தால், பொத்தானை அழுத்தும்போது ஒலித்தாலும் மாற்றிவிடுங்கள்.

எரிந்த புகை வெளியே போகிற புகைக்குழாய் வைத்த ஹீட்டர்தான் நிரந்தர வழி. கூரைத் திறப்பை இரவிலும் இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். வெப்பம் கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. சமைக்கும்போது பாத்திரத்தை மூடி, விசிறியைப் போடுங்கள். மெத்தைக்கு அடியில் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்களைப் போட்டால் காற்று ஓடும். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவதானால், குளிரில் கம்ப்ரஸர் வகை சரியாக வேலை செய்யாது. ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிக்கன்ட் வகையைக் கேளுங்கள்.

கேள்வி: வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை வாடை.

பதில்: வெந்நீரில் மட்டும் என்று குறிப்பிட்டது நல்லது, ஹீட்டர் தொட்டியில்தான் கோளாறு. இரும்புத் தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியம் ஆனோடு கம்பியும், தேங்கிய நீரில் வளரும் பாக்டீரியாவும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. ஹீட்டரை அணைத்து, நீர் முழுக்க ஆறிய பின் அழுத்த வால்வைத் திறந்துவிட்டு வடியுங்கள். கம்பியில் முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள்; அலுமினியம்-துத்தநாகக் கம்பி வாடையைக் குறைக்கும். அடுத்து ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச்சை லிட்டருக்கு 1 மில்லி வீதம் (100 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி) நீரில் கரைத்து ஊற்றி நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு, 4 மணி நேரம் நிறுத்திவைத்து, வாடை போகும்வரை நல்ல நீரால் அலசுங்கள். தொட்டியில் நீர் நிறைந்தது உறுதியாகாமல் ஹீட்டரை ஆன் செய்யாதீர்கள்.

கேள்வி: பின்பக்க டிக்கியில் 50 கிலோ கருவிப் பெட்டி வைக்கலாமா? மொத்த எடை வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

பதில்: மொத்தம் மட்டும் பார்த்தால் போதாது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர், பெட்டி பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் என்றால், பின் அச்சில் கூடுவது 50 அல்ல, சுமார் 69 கிலோ. முன் அச்சு 19 கிலோ லேசாகும். ஸ்டியரிங் பிடி அந்த அளவுக்குக் குறையும். தண்ணீர், உணவு, ஆட்கள் எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் அச்சு வாரியாக எடை போட்டுப் பாருங்கள். கனமானதை இரண்டு அச்சுக்கும் நடுவே தாழ்வாக வையுங்கள்.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. வீட்டு வண்டி டயர்கள் தேய்வதற்கு முன்பே முதுமையில் வெடிக்கின்றன. 5 முதல் 7 ஆண்டுக்குள் மாற்றுங்கள், பட்டன் (டயர் மேல் வரிகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும்.

கேள்வி: கூரை ஜன்னல் ஓரம் கசிகிறது. சிலிக்கோன் பூசலாமா?

பதில்: வேண்டாம். காய்ந்த சிலிக்கோன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. அடுத்த முறை சுரண்டியே எடுக்க வேண்டும். உங்கள் கூரை ரப்பரா, ஃபைபர் கிளாஸா என்று பார்த்து, அதற்கென்று விற்கும் தானாகப் பரவும் சீலன்ட்டை, தளர்ந்த பழையதைச் சுரண்டி ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட பிறகு பூசுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய சீலன்ட்டைப் பிடுங்க வேண்டியதில்லை, அதன்மேலேயே பூசலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏறிப் பார்த்தால் விரிசலை முன்பே பிடித்துவிடலாம். உள்ளே கறை தெரியும்போது மரச் சட்டம் ஏற்கெனவே நனைந்திருக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் பூச்சோடு முடியாது, பலகையைத் திறந்தே பார்க்க வேண்டும்.