40 மணித்தியாலம்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டவை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமா எடுக்க 30 கிரெடிட்டும் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் அலகுகள்) எழுத்தறிவுப் பரீட்சையும் மட்டும் போதாது. சம்பளம் வாங்காமல் 40 மணித்தியாலம் சமூகத்துக்காக வேலை செய்திருக்கவும் வேண்டும். 1999 செப்டம்பரில் தரம் 9க்கு வந்த பிள்ளைகளிலிருந்து இந்த விதி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் பதற்றத்தோடுதான் கேள்விகள் வருகின்றன. இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிப்படை விதி மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் எது ஏற்கத்தக்கது, எது இல்லை என்ற பட்டியலில் ஒவ்வொரு கல்விச் சபையும் தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்த்திருக்கும். அதனால் கீழே "கேளுங்கள்" என்று நான் சொல்கிற இடத்தில் உண்மையாகவே பாடசாலையில் போய்க் கேளுங்கள்.

மகன் தரம் 12. புள்ளிகள் எல்லாம் 90க்கு மேல். பல்கலைக்கழக அனுமதியும் வந்துவிட்டது. மார்ச் விடுமுறை முடிந்தபிறகுதான் அவனுடைய தொண்டு மணித்தியாலம் வெறும் 6 என்று தெரியவந்தது. இதற்காக டிப்ளோமாவை உண்மையிலேயே நிறுத்திவைப்பார்களா? (ஒரு தாய், ஸ்காபரோ)

நிறுத்திவைப்பார்கள், அம்மா. புள்ளி எவ்வளவு உயர்ந்தாலும் இந்த 40க்கு ஈடாகாது. பல்கலைக்கழகம் இப்போது தந்திருப்பது நிபந்தனையுடன் கூடிய அனுமதி. அந்த நிபந்தனைகளில் டிப்ளோமாவை முடிப்பதும் ஒன்று. ஆனால் பயப்படும் அளவுக்கு நேரம் போய்விடவில்லை.

நாளைக்கே மகனைக் கைடன்ஸ் ஆசிரியரிடம், அதாவது பாடசாலையில் மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியரிடம், அனுப்புங்கள். நீங்கள் போவதைவிட அவன் போவது நல்லது. செய்த மணித்தியாலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிய படிவங்களைக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதி எது என்று கேட்கட்டும். பாடசாலைகள் தங்களுக்கென்று ஒரு தேதி வைத்திருக்கும், அது பட்டமளிப்புக்குப் பல வாரங்கள் முன்னதாகவே இருக்கலாம்.

அடுத்து, பழையதைத் தோண்டிப் பாருங்கள். பிள்ளைகள் செய்த வேலையைப் பதிய மறந்துவிடுவது மிகவும் சாதாரணம். தரம் 9இல் பெற்றோர் சந்திப்பு இரவில் வழிகாட்டியாக நின்றிருப்பான், விளையாட்டுப் போட்டியில் நேரம் குறித்திருப்பான், தமிழ் விழாவில் கதிரை அடுக்கியிருப்பான். அன்று பொறுப்பாக நின்ற பெரியவர் அதை நினைவில் வைத்து, உண்மையான மணித்தியாலத்துக்குக் கையெழுத்திடத் தயாராக இருந்தால், இப்போது கொடுத்தாலும் ஏற்பீர்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

மிச்சம் 34 மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைக்கு 4 மணித்தியாலம் என்றால் ஒன்பது சனிக்கிழமை. மே முடிவதற்குள் முடிந்துவிடும். அவசரத்துக்கு உதவக்கூடியவை முன்னனுபவமோ நீண்ட பயிற்சியோ கேட்காத, நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிற இடங்கள். எற்றோபிக்கோவில் உள்ள டெய்லி பிரெட் போன்ற உணவு வங்கிகளில் வந்து குவியும் உணவுப் பொருட்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்க எப்போதும் ஆட்கள் தேவை. பாடசாலைக்குள்ளேயே நூலக உதவி, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பது போன்றவையும் இருக்கும். பரீட்சைக் காலத்தைத் தவிர்த்து இப்போதே நாட்களைக் குறித்துவிடுங்கள்.

மார்க்கமில் என் தம்பி பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். மகள் கோடையில் அங்கே போய் உதவி செய்யட்டும், 40 மணித்தியாலத்துக்கும் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

கூடாது. அவள் உண்மையாகவே 40 மணித்தியாலம் நின்று வேலை செய்தாலும் கூடாது. சாதாரணமாகச் சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்துச் செய்விக்கிற வேலை எதுவும் இந்தக் கணக்கில் சேராது என்பது மாகாண விதி. சாமான் அடுக்குவதும் காசு வாங்குவதும் சம்பளத்துக்குரிய வேலைகள். மகளுக்கு 14 வயது ஆகியிருந்தால் மாமாவின் கடையில் முறையாகச் சம்பளம் வாங்கி வேலை செய்யட்டும். அதுவும் நல்ல அனுபவம்தான். தொண்டு வேறு இடத்தில் நடக்கட்டும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதுண்டு. பிள்ளை போகாமலே கையெழுத்து வாங்கினால் என்ன? நம் சமூகத்தில் இது நடக்கிறது. அன்பினால்தான் செய்கிறோம், பிள்ளைக்குப் படிக்க நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் செய்கிறோம். ஆனால் 16 வயதில் ஒரு பிள்ளை பார்ப்பது என்ன? தான் மதிக்கிற மாமா, தான் மதிக்கிற அப்பா, இருவரும் சேர்ந்து செய்யாத வேலைக்குச் சாட்சி எழுதுகிறார்கள். அதை அந்தப் பிள்ளை மறக்காது. பாடசாலை சந்தேகப்பட்டால் படிவத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்கவும் முடியும். மணித்தியாலம் ஏற்கத்தக்கதா என்பதில் இறுதி முடிவு அதிபருடையது. தயவுசெய்து அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நான் தரம் 10. எங்கள் கோயில் திருவிழாவில் பத்து நாளும் நிற்கப்போகிறேன். அது முழுவதையும் எழுதலாமா?

தம்பி, பத்து நாள் கோயிலில் நிற்பது வேறு, பத்து நாள் தொண்டு செய்வது வேறு. பூசை பார்த்த நேரம், பஜனையில் பாடிய நேரம், தேவார வகுப்பில் இருந்த நேரம் எல்லாம் உங்களுடைய வழிபாடு, அதைச் சேர்க்க முடியாது. அன்னதானத்தில் பரிமாறுவது, மரக்கறி வெட்டுவது, மண்டபம் கூட்டுவது, முதியவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போவது, கூட்டத்தை வரிசைப்படுத்துவது போன்றவை எல்லோருக்கும் பயன்படுகிற வேலைகள். இவற்றைப் பல சபைகள் ஏற்கின்றன. உங்கள் சபை ஏற்கிறதா என்று திருவிழாவுக்கு முன்னரே கேளுங்கள்.

கோயிலில் சர்வ சாதாரணமாக இளைஞர்களிடம் கொடுக்கிற சில வேலைகள் மாகாணத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன, கவனம். சுவாமியின் நகைகளைக் கையாள்வது கூடாது, ஏனென்றால் நகையும் விலைமதிப்புள்ள பொருட்களும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. உண்டியல் காசு எண்ணுவதையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள். பந்தல் போடச் சாரம் கட்டி ஏறுவது, மின்சார வாள், துளைப்பான் போன்ற கருவிகளைப் பிடிப்பது, வாகனம் ஓட்டிச் சாமான் ஏற்றி இறக்குவது எதுவும் ஆகாது. யாராவது கேட்டால் "இது என் படிவத்தில் வராது, அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பரிமாறப் போங்கள்.

கையெழுத்திடுபவர் உங்கள் அப்பாவாக இருக்கக் கூடாது, அவர் கோயில் நிர்வாகத்தில் இருந்தாலும் சரி. வேறொரு நிர்வாகியிடம் வாங்குங்கள். தினமும் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் குறித்து வையுங்கள்.

அம்மம்மாவைப் பார்த்துக்கொள்வதும் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் சேருமா?

சேராது. வீட்டில் நாளாந்தம் செய்யும் கடமைகள் கணக்கில் வரா. அதனால் அவற்றின் பெருமை குறைந்துவிடாது, பிள்ளை. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்குக் காசு வாங்காமல் பனி வழித்துக் கொடுப்பதைப் பொதுவாக ஏற்பார்கள். அங்கேயும் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையை ஏற்க வேண்டாம். பிறருக்கு மருந்து கொடுப்பது தடைப் பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம். மகள் தரம் 11. மற்றப் பிள்ளைகளுக்கு நான்கு வருடம், இவளுக்கு ஒன்றரை வருடம். அதே 40தானா?

வேறு நாட்டிலிருந்து வந்து சேர்கிற பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம் என்று தீர்மானிப்பவர் அதிபர். அதனால் கேட்காமல் 40 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், குறையும் என்று நம்பிக்கொண்டு இருந்துவிடவும் வேண்டாம். ஊரில் சாரணியம், முதலுதவிப் படை, சிரமதானம், அறநெறிப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று எதையாவது செய்திருப்பாள். பழைய பாடசாலையிடமிருந்து ஒரு கடிதம் எடுப்பியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வேலை சுலபம்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், ஆங்கிலம் பேசக் கூச்சப்படுகிறாள் என்று. ஸ்காபரோவிலும் மார்க்கமிலும் அவளுடைய தமிழ் பெரிய உதவி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் ஆசிரியருக்கு உதவியாக நிற்கலாம். தமிழ் முதியோர் ஒன்றுகூடுகிற இடங்களில் அவர்களுக்குக் கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசக் காட்டிக் கொடுக்கலாம். அப்புறம் கூச்சம் குறையத் தொடங்கியதும் நூலகத்தில் இளைஞர் ஆலோசனைக் குழுவில் சேரட்டும். ரொறன்ரோ பொது நூலகத்தின் பல கிளைகளில் அந்தக் குழுக்கள் இருக்கின்றன. தன் வயதுப் பிள்ளைகளோடு ஒரு மேசையில் இருந்து நிகழ்ச்சி திட்டமிடுகிற இடம் அது. புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் நட்பும் சேர்ந்து கிடைக்க அதைவிட நல்ல இடம் அதிகம் இல்லை.

சனிக்கிழமை தமிழ்க் கிரெடிட் வகுப்புக்குப் போகிறேன். அந்த நேரத்தை எழுதலாமா? கோ-ஒப் (வேலைத்தலத்தில் பயிற்சி பெற்றுக் கிரெடிட் எடுக்கும் பாடம்) நேரத்தை?

இரண்டும் இல்லை. கிரெடிட் கிடைக்கிற பாடத்தின் பகுதியாக உள்ள எதுவும் சேராது. பாட நேரத்தில் செய்வதும் சேராது. மதிய இடைவேளையிலும் ஸ்பெயார் (வகுப்பில்லாத) நேரத்திலும் செய்த தொண்டு சேரும்.

மகன் மருத்துவம் படிக்க விரும்புகிறான். மருத்துவமனையில்தான் தொண்டு செய்ய வேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிறோம். இடமில்லை என்கிறார்கள். (ஒரு தகப்பன், பிரம்ரன்)

ஐயா, காத்திருந்த அந்த ஒரு வருடத்தில் வேறு எங்காவது அவன் 100 மணித்தியாலம் செய்திருக்கலாம். மருத்துவமனைகள் இளைஞர்களை எடுப்பது குறைவு. எடுத்தாலும் வயது எல்லை, தடுப்பூசி விபரம், காசநோய்ப் பரிசோதனை, பல மாதம் தொடர்ந்து வருவேன் என்ற உறுதி எல்லாம் கேட்பார்கள். கிடைத்தால் நல்லது, ஆனால் அதையே ஒரே வாசல் என்று நினைக்க வேண்டாம்.

மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஹெல்த் சயன்ஸ் பிரிவு மேலதிக விண்ணப்பம் ஒன்று கேட்கிறது. வாட்டர்லூ பொறியியலுக்கும் அப்படி ஒரு படிவம் உண்டு. இவற்றில் பிள்ளை தன் வார்த்தையில் தன்னைப்பற்றி எழுத வேண்டும். மருத்துவமனை வரவேற்பு மேசையில் நின்று வழி காட்டியதைவிட, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஞாபகமறதி உள்ள ஒருவரோடு ஒரு வருடம் வாராவாரம் சதுரங்கம் விளையாடிய பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. 2003இல் ஒன்ராறியோவில் பழைய ஐந்து வருடப் பாடத்திட்டத்தின் கடைசிப் பிள்ளைகளும் புதிய நான்கு வருடத் திட்டத்தின் முதல் பிள்ளைகளும் ஒன்றாக வெளியேறினார்கள். முன்னவர்களுக்கு 40 மணித்தியாலக் கட்டாயம் இல்லை, பின்னவர்களுக்கு இருந்தது. வில்ஃபிரட் லோரியே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரு பகுதியினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டாயம் இருந்ததா இல்லையா என்பதைவிட, செய்த தொண்டு எப்படிப்பட்ட அனுபவமாக அமைந்தது என்பதுதான் பின்னாளில் அவர்கள் சமூக வேலைகளில் காட்டிய ஈடுபாட்டோடு கூடுதலாகப் பொருந்தியது. நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதும் இதுதான். பத்து இடத்தில் நாலு நாலு மணித்தியாலம் பொறுக்குவதைவிட, பிள்ளைக்குப் பிடித்த ஓர் இடத்தில் நிலைத்து நிற்க விடுங்கள். மகனுக்கு என்ன பிடிக்கும் என்று அவனிடமே கேளுங்கள். காட்டில் நடப்பது பிடிக்கும் என்றால் றூஜ் தேசிய நகர்ப் பூங்காவில் செடி நடப் போகட்டும், மருத்துவக் கனவுக்கு அது தடையாகாது.

மூத்தவள் 2021இல் 20 மணித்தியாலத்தோடு முடித்தாள். இளையவனுக்கு ஏன் 40?

அது கோவிட் காலச் சலுகை. 2020இல் முடித்தவர்களுக்கு இந்த நிபந்தனையையே தளர்த்தினார்கள், அடுத்த இரண்டு வருடமும் 20 ஆக்கினார்கள். அதன்பிறகு மறுபடி 40.

கோடையில் ஊருக்குப் போகிறோம். கிளிநொச்சியில் ஒரு சிறுவர் இல்லத்தில் மகன் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறான்.

நல்ல மனது. புறப்படுவதற்கு முன் ஜூன் மாதத்திலேயே அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திரும்பி வந்து கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடும். இல்லத்தின் பெயர், பொறுப்பாளர், என்ன வேலை, எத்தனை நாள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அங்குள்ள பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுத்துப் போடக் கூடாது என்று மகனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அது எந்தப் படிவத்திலும் கேட்கப்படாது, ஆனாலும் எனக்கு முக்கியம்.

தொண்டு செய்யும் இடத்தில் பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான கல்விச் சபையின் பொறுப்புக் காப்புறுதியில் பிள்ளையும் பொதுவாக அடங்குவார். ஆனால் வேலைத்தலத்தில் அடிபடும் தொழிலாளிக்குக் கிடைக்கிற மாகாண நட்டஈடு தொண்டு செய்யும் மாணவருக்கு இல்லை. வருடத் தொடக்கத்தில் பாடசாலை அனுப்புகிற மாணவர் விபத்துக் காப்புறுதித் துண்டைக் குப்பையில் போட்டுவிடாமல் வாசித்துப் பாருங்கள், செலவு அதிகம் இல்லை. பிள்ளை போகிற இடத்துக்கு முதல்நாள் நீங்களும் போய்ப் பொறுப்பாளரைப் பார்த்துவிட்டு வாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பது அந்த அக்கறைக்காகத்தான். காசு கட்டினால் மணித்தியாலச் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் போகவே வேண்டாம்.

மகள் இந்த ஜூனில் தரம் 8 முடிக்கிறாள். எப்போது தொடங்கலாம்?

இந்தக் கோடையிலேயே. தரம் 9க்குப் போவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலிருந்து எண்ணலாம். அவளுக்கு இன்னும் 14 வயது ஆகவில்லை என்றால் பல இடங்களில் கூட ஒரு பெரியவர் நிற்க வேண்டும், நீங்களும் சேர்ந்து போகலாம். புதிய பாடசாலையின் இணையத்தளத்தில் படிவத்தை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை கையெழுத்து வாங்கியதும் படிவத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று மகளுக்குப் பழக்குங்கள், காகிதம் தொலைவது அடிக்கடி நடக்கிறது. கொடுத்தபிறகு, அடுத்த றிப்போர்ட் வரும்போது அதில் தொண்டு மணித்தியாலத்துக்கான பெட்டியைப் பாருங்கள். எண் ஏறியிருக்கவில்லை என்றால் அந்த வாரமே கைடன்ஸ் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.