உப்புத் தண்ணீர், மணல் மண், அக்னி வெயில்: தோட்டக் கேள்விகளுக்குப் பதில்

கீழக்கரை: காக்கா (அண்ணே), காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தும் வாசல் புல்வெளி மஞ்சளாகக் காய்கிறது. இன்னும் கூட்டவா?

கூட்ட வேண்டாம் தம்பி, தடவையைக் குறையுங்கள். நம் ராமநாதபுரம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனைந்து, மதியத்துக்குள் தண்ணீர் ஆவியாகிப் போய், உப்பு வேர்ப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. குனிந்து பாருங்கள், மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், புல் நுனி பழுப்பாகச் சுருண்டிருக்கும். விடியற்காலையில் அரை அடி ஆழம் ஈரம் இறங்கும்படி ஒரே தடவையாக விட்டுவிட்டு, ரெண்டு மூன்று நாள் கழித்து மண்ணைக் கிளறிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் மறுபடி விடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், 2 அங்குலமாவது நிற்கட்டும், அதன் நிழல்தான் வேருக்குக் குடை. யூரியாவை வெயில் தணியும்வரை தொடவே வேண்டாம். செத்த இடத்தில் அருகம்புல்லை ஊன்றுங்கள், அது உப்பைத் தாங்கும்.

உச்சிப்புளி: அண்ணே, ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்) கழிவுத் தண்ணீர் தினமும் ரெண்டு வாளி வீணாகிறது. செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள்மா. குடிதண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு ஒரு கோடை முழுக்க அதைத்தான் ஊற்றினேன், முதலில் இலை ஓரம் கருகியது, அப்புறம் கொழுந்து வரவே இல்லை, ஆடிக்குள் மரமே போய்விட்டது. இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு கேட்காது. அதைக் கக்கூஸ் கழுவ வைத்துக்கொண்டு, அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்குக் கொடுங்கள்.

தொண்டி: தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வாங்கிவிட்டேன். சித்திரையிலேயே நடலாமா?

பொறுங்கள். நிழலில் பையிலேயே வைத்துக் காப்பாற்றி, ஐப்பசி மழை மண்ணின் உப்பைக் கழுவி இறக்கிய பிறகு நடுங்கள். மல்லிகைக்கு உப்பு ஆகாது.

மண்டபம்: கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது, வைத்த செடி எல்லாம் கருகுகிறது.

இப்போதைக்குப் பனையோலைத் தட்டி கட்டுங்கள். மழைக்குப் பூவரசு, புன்னை, தாழை வையுங்கள், மூன்றும் உப்புக்காற்றில் வளர்கிறவை. கடல் பக்கம் படர்ந்திருக்கும் அடம்புக் கொடியையும் ராவணன் மீசையையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

தேவிபட்டினம்: தென்னங்கன்றைச் சுற்றி மண் காயாமல் இருக்க மூடாக்கு எதைப் போட?

தேங்காய் மட்டையைப் பள்ளம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, தண்டில் ஒட்டாமல் சுற்றி அடுக்குங்கள். மேலே காய்ந்த ஓலை போதும்.