வரத்தை இறக்கி வைக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் பாட்டிக்கு 93 வயது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரர் ஒருவர், "நீங்க நூறு வயசு இருக்கணும் பாட்டி" என்றார். பாட்டி கையெடுத்துக் கும்பிட்டு, "அதை மட்டும் சொல்லாதப்பா" என்றார். பெற்ற மகன்கள் இருவரையும் தூக்கிக் கொடுத்தவர். பஸ்மாசுரன் கதை மாதிரி வாழ்த்தும் சாபமாகிவிடுமா?

செ., தஞ்சாவூர்

அன்புள்ள செ.,

பஸ்மாசுரனை இதில் சேர்க்க வேண்டாம். அவன் கதை சுலபம். தொட்ட தலை சாம்பலாக வேண்டும் என்று கேட்டு வாங்கினான், கொடுத்த சிவனையே துரத்தினான், மோகினியோடு ஆடும்போது தன் தலையிலேயே கையை வைத்துக்கொண்டான். கணக்கு நேர். உங்கள் பாட்டி யாரிடமும் எதையும் கேட்கவில்லையே.

அவர் பக்கத்தில் உட்காரவேண்டியவர் பீஷ்மர். அவரும் கேட்டு வாங்கவில்லை. அப்பா சத்தியவதியை மணப்பதற்காக, தனக்கு அரசும் வேண்டாம் கல்யாணமும் வேண்டாம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். நெகிழ்ந்துபோன சந்தனு, நீ வாழ விரும்பும்வரை மரணம் உன்னை நெருங்காது என்றார். தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத்தான் கொடுத்தார். ஆனால் பெண்டாட்டி பிள்ளை இல்லை என்றாகிவிட்டவனுக்கு முடிவில்லாத ஆயுள் என்றால் என்ன என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. (மகனுடைய சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.) தம்பிகள் இரண்டு பேரும் இளவயதிலேயே போனார்கள். பாண்டு போனான். சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோதும் இவர் அங்கேதான் இருந்தார். போரின் பத்தாம் நாள் விழுந்த பிறகும் உயிர் போகவில்லை. உத்தராயணம் வரட்டும் என்று 58 இரவுகள் அம்புப் படுக்கை. குருக்ஷேத்திரத்தில் மற்றவர்களைத் தேடி மரணம் வந்தது. இவர் மட்டும் "சரி, வா" என்று சொல்லவேண்டியிருந்தது.

இன்னொரு அப்பா, அதே போரில் கௌரவர் பக்கம் நின்ற ஜெயத்ரதனின் தகப்பன் விருத்தக்ஷத்திரன். என் மகன் தலையைத் தரையில் விழவைப்பவன் தலை நூறு துண்டாகட்டும் என்றான். அர்ஜுனன் அந்தத் தலையை அறுத்து, அம்புகளாலேயே கொண்டுபோய், சந்தியாவந்தனம் செய்துகொண்டிருந்த கிழவன் மடியில் போட்டான். அவன் எழுந்தான், தலை உருண்டு தரையில் விழுந்தது. சொன்ன சொல் சொன்னவனையே பிடித்தது.

இரண்டிலும் கெட்ட எண்ணம் இல்லை, பாசம்தான். வாழ்க்கை நகர்ந்துவிடுகிறது. அன்றைக்குச் சொன்ன சொல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாட்டி கல்யாணம் ஆகி வந்த புதிதில் நூறு வயசு என்று யாராவது வாழ்த்தியிருந்தால் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டிருப்பார்.

எங்கள் ஊரில் என் மாமா ஒருவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். யார் கடை திறந்தாலும் முதல் போணி அவர்தான். ஆரம்பத்தில் அவருக்கும் பெருமைதான், வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அப்புறம் அவர் போணி செய்த ஜவுளிக்கடை ஒன்று ஆறே மாதத்தில் மூடியது. கடைக்காரர் கடன் வாங்கி முதல் போட்டதையோ, பஸ் ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றியதையோ யாரும் பேசவில்லை. "அவர் கையா இப்படி?" என்றுதான் கேட்டார்கள். அதிலிருந்து மாமாவுக்கு ஒவ்வொரு திறப்பு விழாவும் பரீட்சை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி அழைத்துப் போனார்கள்.

அவருடைய மகளே ஒரு தையல் கடை திறந்தாள். அன்றைக்கு மாமியிடம் ரூபாயைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.