சுரங்கத்துக்குள் திசைகாட்டி வடக்கைக் காட்டுமா?

கேள்வி: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கச் சென்றிருந்தேன். மேலே சரியாக வடக்கைக் காட்டிய என் திசைகாட்டி, கீழ்த்தளத்தில் ராட்சத வெட்டு இயந்திரத்தின் அருகே நின்றதும் விலகித் திரும்பியது. ஆழத்தில் புவிக்காந்தம் மாறுவதுதான் காரணமா?
– வாசகர் ஒருவர், வடலூர், கடலூர் மாவட்டம்

பதில்: ஆழம் காரணமன்று, அந்த இயந்திரத்தின் எஃகுதான் காரணம். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் புவியின் வெளிக்கருவத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் எழும் மின்னோட்டங்களே புவிக்காந்தப்புலத்தின் பெரும்பகுதியைத் தோற்றுவிக்கின்றன. அத்தனை தொலைவிலிருந்து வரும் புலத்துக்கு நாம் தோண்டும் பள்ளம் ஒரு பொருட்டே இல்லை. நம் பகுதியில் அதன் வலிமை சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையை அளக்கும் அலகு). ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால் கூடுவது 20 நானோடெஸ்லா அளவே. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிய கோலார் தங்கச் சுரங்கத்திலும் இதே கணக்குத்தான். மண்ணும் நிலக்கரியும் நிலத்தடி நீரும் காந்தப்புலத்தை மறிப்பதில்லை. ஜிபிஎஸ் அலைகளைத்தான் பாறை மறிக்கும்.

இன்னொரு வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். புவிக்காந்தப்புலம் மேலோ கீழோ சாயாமல் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால், கடலூரிலும் புதுச்சேரியிலும் புலம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே அமைந்து, ஊசியைத் திருப்பும் விசை கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைக்கிறது. வடதுருவத்தை நெருங்கிய நாடுகளில் புலம் செங்குத்தாகச் சாய்வதால் ஊசி தடுமாறும்.

ஆகவே சுரங்கத்தில் கவனிக்க வேண்டியவை தண்டவாளம், இரும்புத் தூண், சேலம் கஞ்சமலையில் உள்ளதுபோன்ற மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது) கலந்த பாறை, மின்கம்பி ஆகியவையே. 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும் ஒற்றைக் கம்பி, ஒரு மீட்டர் தொலைவில் 20,000 நானோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். அதாவது புவிக்காந்தத்தில் பாதி. மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் மாறுவதால் ஊசி அதன் பின்னே ஓட முடியாமல் பேசாமல் நின்றுவிடும்.

ஊசியைத் திசைதிருப்பும் இத்தகைய குறுக்கீட்டைக் கண்டுபிடிக்க நிலஅளவையாளர்கள் கையாளும் முறை எளியது. ஒரு கோட்டின் இரு முனைகளிலும் நின்று மறுமுனையின் திசைக்கோணத்தை அளப்பார்கள். இரண்டுக்கும் இடையே 180 பாகை வேறுபாடு இல்லையென்றால், ஏதோ ஒரு முனையில் இரும்போ மின்கம்பியோ குறுக்கிடுகிறது என்று பொருள். பெரிய சுரங்கங்களில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று, காந்தத்தை நம்பாமல் புவியின் சுழற்சியைக் கொண்டு வடக்கை அறியும் கைரோ தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்.