ஈறில் ரத்தம்: கரியும் உப்பும் வேண்டாம்

கேள்வி: எனக்கு 38 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். சில மாதங்களாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது, வாய் நாற்றமும் உண்டு. சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. அதைப் போக்க அடுப்புக்கரியும் உப்பும் வைத்துத் தேய்க்கிறேன். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் மருந்து உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் கரியை நிறுத்துங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கறை, பல்லின் வெளி அடுக்கான எனாமலுக்குள்ளேயே பதிந்துவிடும். உங்களுடையதும் அப்படித்தான் தெரிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எனாமல் தேயும், ஈறு புண்ணாகும்.

ரத்தம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈறோரம் படியும் அழுக்கு. நாளாக ஆக அது காரையாக இறுகிவிடும். இறுகிய காரையை எந்தப் பற்பொடியும் கஷாயமும் கரைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பல் டாக்டர்களுக்குப் பரிந்து இதைச் சொல்லவில்லை. பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையே, ஈறைப் புண்படுத்தாமல் வைத்தியர் காரையை எடுக்க வேண்டும், அதன் பிறகு அரக்குப்பொடியைத் தேனில் குழைத்துத் தேய்க்க வேண்டும் என்கிறது. சுத்தம் முதலில், மருந்து அப்புறம். காரை எடுத்தபின் பல் ஆடுவதுபோல் இருந்தால், ஏற்கெனவே இருந்த தளர்ச்சியைக் காரை மறைத்து வைத்திருந்தது என்று அர்த்தம். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே காட்டுங்கள்.

அதற்குப் பின் வீட்டில் செய்ய வேண்டியது: ஒரு ஸ்பூன் திரிபலா சூரணத்தை (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்ப் பொடி) இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக வாய் கொப்பளியுங்கள். கடுக்காயின் துவர்ப்பு தளர்ந்த ஈறை இறுக்கும். காலையில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை வாயில் வைத்திருந்து துப்பலாம், விழுங்கக் கூடாது. வாய், ஈறு நோய்களுக்கான ஆயுர்வேத எண்ணெயான அரிமேதாதி தைலம் கிடைத்தால், வைத்தியரைக் கேட்டுவிட்டு அதையும் பயன்படுத்தலாம். கிராம்புத் தைலத்தை மட்டும் நேரடியாக ஈறில் வைக்காதீர்கள், வெந்துவிடும்.

இவையெல்லாம் துணைக்குத்தான். ரத்தம் வருகிறதே என்று பயந்து தேய்ப்பதை விட்டுவிடாமல், மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் ஈறோரத்தை மெதுவாகத் தேய்க்க வேண்டும். வேப்பங்குச்சி பழக்கமென்றால் சரி, நுனியை நன்றாக மென்று மிருதுவாக்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை பரிசோதனை செய்திருக்கிறீர்களா? சர்க்கரை கூடினால் ஈறு நோய் தீவிரமாகும். ஈறு கெட்டாலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டமாகும். சீழ், வீக்கம், காய்ச்சல், பல் ஆட்டம் இருந்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரைத் தவிர்த்து, காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் கொடுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.