ஊசியை விடாத கை

வணக்கம் ஐயா,

லடாக்கில் இருக்கும் ரெசாங் லா கணவாயில் சீனாவோடு நடந்த சண்டையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1962 நவம்பர் 18 அன்று அங்கே நம் வீரர்கள் 114 பேர் செத்தார்கள். மூன்றே நாளில் சீனா தானாகவே போரை நிறுத்திக்கொண்டது. அப்படியென்றால் அத்தனை உயிரும் வீண்தானே? தியாகம், தியாகம் என்று பாடுவது அரசின் தவறை மூடத்தானே உதவும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்வியோடு எனக்குச் சண்டையே இல்லை. பதினாறாயிரம் அடிக்கு மேலே, உறையும் குளிரில், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் .303 துப்பாக்கியோடு ஏறக்குறைய 120 பேரை நிறுத்தினார்கள். நடுவில் மலைமுகடு மறித்ததால் நம் பீரங்கிகளாலும் உதவ முடியவில்லை. இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்கத்தான் வேண்டும்.

முதல் கேள்விதான் இடிக்கிறது. 21ஆம் தேதி நடந்ததை வைத்து 18ஆம் தேதியை எடைபோடுகிறீர்கள். அன்று விடிகாலையில் அங்கே நின்ற, குமாவோன் படைப்பிரிவு 13ஆம் பட்டாலியனின் சார்லி கம்பெனிக்குத் தெரிந்ததெல்லாம், தங்களுக்குப் பின்னால் சுஷுல் விமானத்தளம் இருக்கிறது என்பதுதான்.

1963 பிப்ரவரியில் ஆடு மேய்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் போனபோதுதான் உடல்கள் கண்ணில் பட்டன. பதுங்குகுழிகளில், பிடித்த துப்பாக்கியோடு அப்படியே உறைந்திருந்தார்கள். என் மனதை விட்டுப் போகாதவர் துப்பாக்கி பிடித்தவர்களில் ஒருவர் இல்லை. தரம்பால் சிங் தஹியா, மருத்துவ உதவியாளர். அவர் கையில் ஊசியும் பேண்டேஜ் சுருளும் இருந்தன. அடிபட்டுக் கிடந்த யாருக்கோ போட எடுத்த ஊசி. அந்த யாரோவிடம் போய் இது வீண் என்று சொல்ல முடியுமா?

கம்பெனித் தலைவர் மேஜர் சைத்தான் சிங்குக்குக் கையிலும் வயிற்றிலும் குண்டு. தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம், என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பாறை ஓரமாக அவரை விட்டுவிட்டுப் போன இடத்திலேயே மூன்று மாதம் கழித்து அவர் உடல் கிடைத்தது. போர்க்கள வீரத்துக்கான மிக உயரிய விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள், சரி.

ஆனால் உயிர் தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது முதலில் நம்ப ஆளில்லை. உடல்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. என் கோபம் அதிகமாகப் போவது அங்கேதான்.

அரசைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 'வீண்' என்ற சொல்லை மட்டும் தரம்பாலிடம் கொண்டுபோகாதீர்கள்.