தூளி கட்ட முடியாத இடம்

வாசகர் கேள்வி – பதில்

கோடை நெருங்கினால், வெளிநாட்டிலுள்ள கணவரிடமோ பிள்ளைகளிடமோ போகக் கிளம்புகிறவர்களின் கடிதங்கள் ஆண்டுதோறும் வந்து குவியும். நடைபழகும் வயதுக் குழந்தையை முதன்முறையாக நீண்ட விமானப் பயணத்துக்கு அழைத்துச் செல்வது பற்றி இம்முறை நிறையப் பேர் கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. நானும் அவனும் மட்டும் துபாய் வழியாகச் சான் ஃபிரான்சிஸ்கோ சென்று, கணவருடன் நான்கு மாதம் தங்கித் திரும்புகிறோம். இரண்டு வயது நிறையாததால் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம், விமானத்தில் தொட்டிலும் தருவார்கள் என்கிறார் டிக்கெட் போட்டுத் தருபவர். தனி இருக்கை வாங்குவது வீண் செலவா? — ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: வீண் செலவு அல்ல. பணம் எப்படியும் புரட்ட முடியுமானால் வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து.

டிக்கெட் போடுபவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொடுத்து மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது உண்மை. ஆனால் நீங்கள் திரும்பும்போது உங்கள் மகனுக்கு இரண்டு வயது தாண்டியிருக்கும் என்பதால், திரும்பும் பயணத்துக்கு எப்படியும் தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். இதைக் கவனிக்காமல் போய்விட்டு, ஊர் திரும்பும் வாரத்தில் கூடுதல் பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

தொட்டில் விஷயம் இன்னும் சிக்கலானது. அது முன்சுவரில் மாட்டப்படும் சிறிய படுக்கை. அதற்கு எடை வரம்பும் நீள வரம்பும் உண்டு. எடை வரம்பு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும் பெரும்பாலும் 10 முதல் 14 கிலோவுக்குள்தான் இருக்கும். உலகச் சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணைப்படி 22 மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 12 கிலோவை ஒட்டி வருகிறது, உயரம் 86 சென்டிமீட்டர். எடை தப்பினாலும் கால் வெளியே நீளும். போதாக்குறைக்கு, விமானம் குலுங்கி இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போதெல்லாம் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். அந்த முன்வரிசையில் கைப்பிடிகளை மேலே தூக்க முடியாது, காலடியில் பை வைக்கவும் விடமாட்டார்கள். ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டில் வரம். உங்கள் மகனின் வயதில் அதை நம்பிப் போக வேண்டாம்.

இனி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். துபாய்க்கு 4 மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே காத்திருப்பு 3 மணி நேரம், பிறகு ஏறத்தாழ 16 மணி நேரம். மீனம்பாக்கத்தில் முன்கூட்டியே போய் நிற்பதையும் அந்தப் பக்கம் குடியேற்ற வரிசையையும் சேர்த்தால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடுகிறது. இத்தனை நேரம் 12 கிலோவை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே சாப்பாட்டுத் தட்டு வந்தால் எந்தக் கையால் சாப்பிடுவீர்கள்? பணம் இடம் கொடுக்கவில்லையென்றால், விமான நிலையக் கவுண்டரில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மடியில் வைத்துக்கொள்ளும்போது குழந்தைக்கெனத் தனியாகத் தரும் பட்டையைத்தான் மாட்ட வேண்டும். உங்கள் பட்டைக்குள்ளேயே அவனையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளாதீர்கள். விமானம் திடீரென வேகம் குறைந்தால் உங்கள் உடல் எடை முழுவதும் அவன் வயிற்றில் அழுந்தும்.

சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் பல அதிகாலையில்தான் கிளம்புகின்றன. மலிவென்று அதை எடுத்தால், நள்ளிரவில் குழந்தையை எழுப்பி வெளிச்சத்திலும் கூட்டத்திலும் நிறுத்த வேண்டிவரும். காலை உணவுக்குப் பிறகு கிளம்பும் விமானம் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே எடுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம் பிடிக்கிற இணைப்பை மட்டும் எடுக்காதீர்கள். குழந்தைக்கு மூன்று மணி நேரம் ஓடியாடக் கிடைத்தால்தான் அடுத்த பதினாறு மணி நேரம் ஓடும். தந்தை உடன் வராததால், அவர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் கையில் இருக்கட்டும். அங்கே விமான நிலையத்திலிருந்து காரில் போகக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதைக் கணவருக்கு இப்போதே நினைவூட்டுங்கள்.

கேள்வி: என் பேரன் பிறந்ததிலிருந்து தூளியில்தான் தூங்குகிறான். 20 மாதம் ஆகியும் தூளி இல்லாமல் கண் மூடுவதில்லை. அடுத்த மாதம் என் மகள் அவனைச் சிங்கப்பூர் வழியாகச் சிட்னிக்கு அழைத்துப் போகிறாள். விமானத்தில் எப்படித் தூங்கவைப்பது, சாப்பாட்டுக்கு என்ன கொடுத்தனுப்புவது? — ஒரு பாட்டி, கிழக்குத் தாம்பரம்

பதில்: அம்மா, இருக்கைக் கைப்பிடியில் சேலையைக் கட்டித் தூளி போட முடியுமா என்று இதற்குமுன் ஒருவர் கேட்டே இருக்கிறார். விட மாட்டார்கள், விட்டாலும் செய்யக் கூடாது.

தூளி குழந்தைக்கு மூன்று பொருள்களை ஒன்றாகத் தருகிறது: ஆட்டம், உடலைச் சுற்றி அணைக்கும் துணி, மங்கிய வெளிச்சம். ஆட்டத்தை விமானத்துக்குக் கொண்டுபோக முடியாது. மற்ற இரண்டையும் முடியும். எனவே புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே ஆட்டத்தை மட்டும் குறைக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் தூளியில் படுக்கவைத்து, ஆட்டாமல் முதுகில் தட்டிக்கொடுங்கள். இரண்டாம் வாரம் பகல் தூக்கத்தை மட்டும் பாயில் பழக்குங்கள். அந்தத் தூளிச் சேலையையே நான்காக மடித்து அவன்மேல் போர்த்துங்கள். மூன்றாம் வாரம் இரவையும் பாய்க்கு மாற்றுங்கள். முதல் நாலைந்து இரவுகள் வீடே விழித்திருக்கும். அந்த அழுகையை வீட்டிலேயே அழுது முடித்துவிடுவது, முந்நூறு பேர் நடுவில் அழுவதைவிட மேல்.

சேலையைத் துவைக்காமல் கைப்பையில் வைத்தனுப்புங்கள். பெட்டியில் போட்டுவிடாதீர்கள். என் மகளை அவள் இரண்டாவது வயதில் அழைத்துப் போனபோது, அவளுடைய பழைய நூல்சேலைத் துண்டை நன்றாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறதியாகப் பெரிய பெட்டிக்குள் அடுக்கிவிட்டேன். விமானத்தில் கொடுத்த புதுப் போர்வையை அவள் முகர்ந்து பார்த்துவிட்டு எட்டி உதைத்தாள். கடைசியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள், அதனால் ஐந்து மணி நேரம் நான் எழுந்திருக்கவே முடியவில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, நல்லெண்ணெய் தடவிய இட்லி முதல் சில மணி நேரத்துக்குப் போதும். காரமில்லாத பருப்புப்பொடி தொட்டுக்கொள்ளலாம். தயிர் சாதம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் தாங்காது. பிறகு பொரி, அவல், ரொட்டி, பிஸ்கட் என்று கொறிப்பவை இருக்கட்டும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடினமான முறுக்கு, முழுத் திராட்சை ஆகியவை வேண்டவே வேண்டாம். நான்கு வயது வரை இவை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு, ஓடும் விமானத்தில் அந்த ஆபத்து இரட்டிப்பு. சத்துமாவை ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். பணிப்பெண்கள் தரும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கும். பாதி பச்சைத் தண்ணீர் கலந்து, கஞ்சியை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே ஊட்டச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உணவு வேண்டுமென்றால் விமானம் கிளம்ப ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் உணவுப் பொருள் விதிகள் கடுமையானவை. மிஞ்சிய உணவு எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். பழத்தை இறங்குவதற்கு முன்பே தின்று முடித்துவிட வேண்டும். ஒரு வாழைப்பழத்துக்காக அபராதம் கட்ட நேரலாம்.

கேள்வி: 14 மாத மகளுடன் லண்டனுக்கு நேரடி விமானத்தில் போகிறோம். அவளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். விமானத்தில் காது வலிக்கும் என்கிறார்களே? — ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையூரில் இருப்பதற்கு ஒப்பாகவே வைக்கப்படுகிறது. நீங்கள் 11 மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கொண்டைஊசி வளைவுகளில் காது அடைத்துக்கொள்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இறக்கத்தை விமானம் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

நடுக்காதையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகக் குறுகலானது, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருப்பது. மேலே ஏறும்போது காதுக்குள் விரியும் காற்று தானே வழி பண்ணிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்குக் குழாய் திறக்க வேண்டும். விழுங்கினால்தான் அது திறக்கும். ஆகவே ஏறும்போது தூங்கினால் தூங்கட்டும், இறங்கும்போது விழித்திருக்க வேண்டும். தரையிறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தவுடன் தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, உறிஞ்சு குவளையில் தண்ணீரோ சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுங்கள். பலர் செய்யும் தவறு, இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் வயிறு நிறையப் பால் கொடுத்துவிடுவது. அதன்பின் வேண்டிய நேரத்தில் குழந்தை வாயைத் திறக்காது. அழுதாலும் கவலைப்படாதீர்கள், அழுகையின் நடுவிலும் விழுங்குவாள்.

சளியால் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருந்தால் வலி கூடும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு உங்கள் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதுமா, வலிக்கு என்ன மருந்து எவ்வளவு என்பதை அவர் எடை பார்த்து எழுதித் தருவார். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும் என்பதால் தண்ணீரை அடிக்கடி கொடுங்கள்.

கேள்வி: சளி மருந்து ஒரு ஸ்பூன் கொடுத்தால் பயணம் முழுவதும் தூங்குவான் என்று உறவினர் சொல்கிறார். கொடுக்கலாமா? — ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: கூடாது. குளோர்பெனிரமைன், ஃபெனைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. சில குழந்தைகளுக்கு இவ்வகை மருந்து தூக்கத்துக்குப் பதிலாகத் துள்ளலைக் கொடுத்துவிடும் என்பதும் உண்மை. உறவினரின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு மருந்துப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புச் சோதனையில் பாலை எடுத்துப் போக விடுவார்களா? — ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: விடுவார்கள். 100 மில்லிலிட்டர் வரம்பு குழந்தைக்குப் பயணத்தில் தேவையான பாலுக்கும் உணவுக்கும் கிடையாது. பையின் அடியில் புதைக்காமல் தனியாக எடுத்துக் காட்டுங்கள். அமெரிக்கா செல்பவர்கள் மட்டும், 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்ட பொடிகள் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும் என்பதை நினைவில் வைத்து, பால்பவுடர் தவிர்த்த பொடிகளைப் பெரிய பெட்டியில் போடுவது நல்லது.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். உலோகச் சோதனை வாயிலில் கருவி கூவும். அங்கே நின்று, நெளிகிற குழந்தையின் இடுப்பிலிருந்து அரைஞாணை அவிழ்ப்பதற்குள் உங்கள் பின்னால் உள்ள வரிசை மொத்தமும் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். கறுப்புக் கயிறு போதும், கண்ணேறும் அதற்கு அஞ்சும்.

கேள்வி: அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு குழந்தை இரவெல்லாம் விழித்திருப்பாளாமே? — ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: இருப்பாள். கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு அங்கே நள்ளிரவு ஒரு மணிக்குச் சோறு கேட்கும். கேட்டால் கொடுத்துவிடுங்கள், ஆனால் மங்கிய விளக்கில், கைபேசியைக் காட்டாமல். காலையில் எவ்வளவு தூக்கம் மிச்சமிருந்தாலும் எழுப்பி வெயிலில் நடக்கவிடுங்கள். ஒரு வாரத்துக்குமேல் ஆகலாம். அந்த வாரம் விருந்தினர் யாரையும் அழைக்காதீர்கள்.

கேள்வி: குழந்தை அழுதால் மற்றவர்கள் முறைப்பார்களே என்ற பயத்திலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. — ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: முறைப்பார்கள். நீங்கள் அவர்களை ஒரே ஒருமுறைதான் பார்க்கப் போகிறீர்கள். அக்கம்பக்கத்தாருக்கு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, அழுவது குற்றமல்ல. அதற்குச் செலவழிக்கும் நேரத்தில், ஐந்தாறு சிறு விளையாட்டுப் பொருள்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். பிரிப்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும். சொப்புச் சாமான் வேண்டாம், ஒவ்வொன்றாக உருண்டு முன்வரிசைக்காரரின் காலடிக்குப் போகும்.

டயப்பரைப் பயண நேரத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றாக எண்ணி எடுங்கள், மிஞ்சினால் நல்லது. குழந்தைக்கு மூன்று மாற்றுடை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஒரு மாற்றுச் சுடிதாரைக் கைப்பையில் வைக்கத்தான் மறந்துவிடுவீர்கள். நான் மறந்தேன், மகள் இரண்டாவது மணியிலேயே என் தோளில் வாந்தியெடுத்துவிட, புளித்த பால் வாடையோடு குடியேற்ற அதிகாரியின் முன் நின்றபோது அவர் என் கடவுச்சீட்டை வேகமாக முத்திரையிட்டு அனுப்பிவைத்தார்.